இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கால்மணி நேரம் பேசுங்கள், தலைப்பு உங்கள் இஷ்டம்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு கூப்பிடாமலே ஒரு வேலை வந்து சேர்ந்தது. காலையில் காப்பி குடிக்கிற நேரத்துக்கு உறவுக்காரரோ தெருக்காரரோ பழைய வாடிக்கையாளரோ ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். "சார், இது ரொம்ப நாளாக் கிடக்கு. என்ன செய்றதுன்னு பாத்துச் சொல்லுங்க." அந்தப் பையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வீட்டில் தள்ளிப்போடுகிற வேலைக்குப் பஞ்சமில்லை. மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கால் இருக்காது, ஒழுகுகிற ஓடு ஐப்பசி மழை வரும்வரை யார் நினைவுக்கும் வராது. இவற்றால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. இன்று சத்தம் போடுகிற விசிறி அடுத்த மாதமும் அதே சத்தம்தான் போடும், பழுது பார்க்கிற கூலியும் ஏறக்குறைய அதேதான். காகித வேலை அப்படியல்ல. அதன் விலை ஏறிக்கொண்டே போகும்.

சட்டமே அந்த விலையைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் சும்மா பதிந்து தருவார்கள். கிராமத்தில் வி.ஏ.ஓ., ஊருக்குள் நகராட்சி அல்லது மாநகராட்சி. 30 நாள் வரை போனால் தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருஷம் வரைக்கும் மேலதிகாரியின் எழுத்து அனுமதி. ஒரு வருஷத்தையும் தாண்டிவிட்டால், நடுவர் அதிகாரம் உள்ளவர் விசாரித்து உத்தரவு போட்டாக வேண்டும். 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையில் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. தாத்தா பெயரில் மூன்றே கால் ஏக்கர். அவருக்கு மூன்று மகன், இரண்டு மகள். அவர் இறந்ததைப் பதியவில்லை, பட்டாவையும் மாற்றவில்லை. அண்ணன் தம்பிகள் வரப்பைக் கைகாட்டிப் பிரித்துக்கொண்டு வெள்ளாமை செய்தார்கள். ஒரு நாள் கூடச் சண்டை வந்ததில்லை. சண்டை போடுகிற குடும்பத்துக்கு அடுத்த வாரமே காகிதம் தயாராகிவிடும். ஒற்றுமையான குடும்பம்தான் "நமக்குள்ள என்னப்பா பத்திரம்?" என்று நாற்பது வருஷத்தை ஓட்டிவிடும். இதை நான் பல பைகளில் பார்த்துவிட்டேன்.

2018 வாக்கில் நான்கு வழிச் சாலைக்காக அந்த நிலத்தில் ஒரு துண்டை எடுத்தார்கள். இழப்பீடு யாருக்கு என்று கேட்டபோதுதான் பை திறந்தது. தாத்தா இறந்ததற்கே சான்று இல்லை. சான்று இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை. அதற்குள் ஐந்து பிள்ளைகளில் மூன்று பேரும் போய்விட்டார்கள். ஐந்து கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது பத்தொன்பது கையெழுத்தாகிவிட்டது. ஒருவர் திருப்பூரில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. யாருக்கு எவ்வளவு என்று தீராத பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் ஒரு பேத்தியின் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள்.

சரி, தாத்தா எப்போது இறந்தார்? ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று வருஷம் சொன்னார்கள். கடைசியில் தாத்தாவின் தங்கை, வேடசந்தூர் பக்கம் வாழ்க்கைப்பட்ட பாட்டி, தொண்ணூறு தாண்டியவர். கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "எங்க ஊருப் பக்கம் அணை உடைஞ்சுச்சுல்ல, அதுக்கு மறு மாசி. கோட்டை மாரியம்மன் திருநா நடந்துக்கிட்டிருந்துச்சு. பஸ்ஸுல கூட்டம், எடுக்கறதுக்குள்ள நான் வந்து சேரல."

குடகனாறு அணை உடைந்தது 1977 நவம்பரில். மறு மாசி என்றால் 1978. தேடிப் பார்த்துப் "பதிவு இல்லை" என்று அலுவலகம் தருகிற சான்று, பாட்டியின் வாக்குமூலம், இவற்றை வைத்து உத்தரவு வாங்கினோம். மூன்று மாதம் கழித்துப் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்குமூலத்தை அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்தது. பணம் வந்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து.

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பாதி வீட்டில் தெரியாது! இந்த வாரம் போய் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த டிரங்குப் பெட்டியைத் திறங்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும், "இது எந்த நிலம், யார்கிட்ட வாங்கினது, எல்லையில யாரு?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். வேலையில் எத்தனையோ பேருக்குப் பெயரோ இன்ஷியலோ பரப்போ மாறி விழுந்திருக்கிறது. மூலப் பத்திரமும் விவரம் தெரிந்த ஆளும் இருக்கிற வரைக்கும் அதைத் திருத்தலாம். இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். வருஷா வருஷம் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறதே, அங்கேயும் மனுக் கொடுக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். மதுரையிலிருந்து பிரிந்து நம் மாவட்டம் உண்டானது 1985-இல். அதற்கு முந்தைய பத்திரத்தில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். பிறகு தலைவர்கள் பெயரைத் தாங்கிய காலம் ஒன்று. 1997-இல் எல்லா மாவட்டத்துக்கும் தலைவர் பெயர்களை எடுத்தபோது வெறும் திண்டுக்கல் ஆனது. வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளிடம் அங்குள்ள அலுவலர், "உங்கள் அப்பா எத்தனை மாவட்டத்தில் பிறந்தார்?" என்று கேட்கிற அளவுக்குப் போகும். சிரிக்காதீர்கள், கேட்டிருக்கிறார்கள்.

என் சொந்தத் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வருஷம் வரவு செலவே இல்லாத கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். 2014-இலிருந்து இந்த ஏற்பாடு. போனால் போனதுதான் என்று நினைக்க வேண்டாம். அப்புறமும் வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம், தேடிப் பார்க்க 2023-இல் உத்கம் என்று ஓர் இணையதளமும் வந்திருக்கிறது. ஆனால் கணவர் எந்தக் கிளையில் போட்டார் என்றே தெரியாத அம்மாவுக்கு அதில் எதைத் தட்டுவது? நியமனதாரர் பெயர் எழுத ஐந்து நிமிஷம் போதும். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை எழுதலாம். நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை உள்ளவர், பங்கு வாரிசுகளுக்குத்தான். இதையும் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். பின்னால் மனஸ்தாபம் வருவது இங்கேதான்.

மாணவத் தம்பி தங்கைகளே, "எங்களுக்கென்ன நிலமா, பணமா?" என்று நிற்கிறீர்கள். உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்று மூன்றையும் இன்றிரவு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருந்தால் எனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று பந்தயம் கட்டாதீர்கள், தோற்றுப்போவீர்கள். சில பிறப்புச் சான்றில் "ஆண் குழந்தை" என்பதோடு சரி, பெயரே இருக்காது. பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன்பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். உங்களுக்கு அந்த வயசு தாண்டியிருக்கும். அக்கா பிள்ளைகளுக்குத் தாண்டியிருக்காது, இன்றைக்கே போன் போடுங்கள். வேலைக்கு உத்தரவு வந்து பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிற வாரத்தில் இந்த வேலை நடக்காது.

கடைசியாக நம் செட்டுக்காரர்களுக்கு. காலையில் அலுவலகத்தில் எட்டிப் பார்த்தேன். ஓர் இரும்பு பீரோ நிறைய, பட்டமளிப்பு முடிந்து பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வாங்க ஆளில்லாமல் கிடக்கிற பட்டச் சான்றிதழ்கள். இந்த அரங்கில் தாம்பூலப் பையோடு உட்கார்ந்திருக்கும் சிலருடையதும் அதில் இருக்கிறது, பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். முதல்வரிடம் கேட்டுவிட்டேன். இன்று மாலை ஐந்து மணி வரை அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். ஆதார் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும். சாப்பாட்டுப் பந்தி அலுவலகத்துக்கு எதிரில்தான் போட்டிருக்கிறார்கள். போகிற வழியில் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.