மழைக்கு முன்னே வாடகை ரூமைப் பாருங்க



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். காட்டுக்குப்பத்தில் இருக்கிறேன். மழைக்காலத்துக்கு வீட்டைத் தயார் பண்றது பத்திப் பேசச் சொன்னாங்க. நான் வாடகைக்கு விடுற ரூமைப் பத்திப் பேசுறேன்.

நம்மில் பல பேர் குழுக் கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கோம். கடல்ல மீன் கம்மியான மாசத்துல அந்த வாடகைதான் தவணை கட்டுது. எனக்கு ரெண்டு ரூம். ஒண்ணுல ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த புருஷன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. இன்னொண்ணுல தென்மாவட்டத்துப் பசங்க மூணு பேர்.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். மழை வருதுன்னா நம்ம வீட்டுக்கு முன்னாடி வாடகை ரூமைப் பார்க்கணும். பின்பக்கம் கட்டின ரூம் பெரும்பாலும் பள்ளத்துல இருக்கும். நமக்குத் தண்ணி எந்தப் பக்கம் ஏறும்னு தெரியும், அவங்களுக்குத் தெரியாது. நமக்கு ஓடிப்போய் நிக்க அம்மா வீடு, அக்கா வீடு இருக்கு. அவங்களுக்கு இந்த ஊர்ல நம்மளை விட்டா யாரு?

ஐப்பசி கார்த்திகை அடைமழைன்னு பெரியவங்க சொல்வாங்க. சென்னைக்கு வருஷத்துல பெய்யுற மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான் கொட்டுது. நம்ம எண்ணூருக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும். பூண்டி ஏரியில திறந்து விடுற உபரித் தண்ணி இந்த ஆத்து வழியா நம்ம முகத்துவாரத்துக்குத்தான் வருது. அங்க மண் அடைச்சிருந்தா, இல்லே கடல் பொங்கியிருந்தா, தண்ணி திரும்பி நம்ம தெருவுக்கு வரும். அதனால மழை விட்ட பிறகும் தண்ணி ஏறும். வெளியூர்க்காரங்க மழை நின்னுடுச்சேன்னு நிம்மதியாப் படுத்துடுவாங்க. ஆபத்தே அங்கதான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நடந்தது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளத்தோட கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, ஆறு, படகு, வலை, வீட்டுச் சுவர்னு எல்லாத்துலயும் கறுப்பா ஒட்டிக்கிச்சு. எங்க பின்ரூம்ல முழங்கால் அளவுக்குத் தண்ணி. ராத்திரி அந்த ஒடிசாப் பொண்ணு லைட் போட ஈரச் சுவர்ல ஸ்விட்சைத் தேடிக்கிட்டு இருந்தா. என் வீட்டுக்காரர் அதுக்குள்ள மெயினை அணைச்சுட்டார். குழந்தையை ஒரு பிளாஸ்டிக் கூடையில வெச்சுத் தலைமேல தூக்கிக்கிட்டு, எதிர் வீட்டு மாடிக்குப் போனோம். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சா உடம்பு நடுங்குது.

இப்போ நான் வருஷா வருஷம் புரட்டாசியில செய்யுற வேலையைச் சொல்றேன்.

முதல்ல கரண்ட். உப்புக் காத்துல நம்ம பக்கம் ஒயரும் போர்டும் சீக்கிரம் அரிச்சுப் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்து சரியா இருக்கான்னு பார்க்கணும். தரையோரம் இருக்கிற பிளக் பாயிண்டை இடுப்புக்கு மேல மாத்தணும். கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் கண்டிப்பா போடுங்க. மெயின் எங்க இருக்கு, எப்படி அணைக்கணும்னு குடியிருக்கிறவங்க கையாலேயே ஒரு தடவை அணைச்சுப் பார்க்கச் சொல்லுங்க. தண்ணி ஏறின பிறகு, ஈரத்துல நின்னுக்கிட்டு யாரும் அதைத் தொடக் கூடாது.

ரெண்டாவது கூரை. ஷீட்டு போட்ட ரூம்னா கொக்கி போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சிருக்கும். அதை மாத்தாம விட்டா புயல் காத்துல ஷீட்டே பறக்கும். தளம் போட்ட ரூம்னா விரிசலைச் சுரண்டிட்டு, சிமெண்டோட வாட்டர்ப்ரூஃப் கலந்து அடைக்கணும். மாடித் தண்ணி இறங்குற குழாயில இலை, பிளாஸ்டிக் அடைப்பை எடுக்கணும். ஷீட்டு மேல யாரும் நேரா ஏறி நிக்காதீங்க, உடைஞ்சு விழுந்துடுவாங்க. பலகை போட்டுத்தான் ஏறணும்.

மூணாவது தரை. வாசல்ல ரெண்டு வரிசை செங்கல் கட்டினா தெருத்தண்ணி கொஞ்சம் தடுக்கும். ஆனா பாத்ரூம் ஓட்டை வழியாத்தான் சாக்கடை திரும்பி வரும். அதை அடைக்க ஒரு மணல் மூட்டை தயாரா இருக்கணும். செப்டிக் டேங்க் நிறைஞ்சிருந்தா மழைக்கு முன்னாடியே லாரி வெச்சு எடுத்துடுங்க. ஆளை உள்ள இறக்குறது சட்டப்படி குற்றம், உயிரும் போயிடும்.

சுவத்துல உயரமா ஒரு பலகை அடிச்சுக் கொடுங்க. துணி, அரிசி, குழந்தை மருந்து, ஆதார் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அதுல வெச்சுக்குவாங்க. எனக்கு ஒரு பலகைக்கு 400 ரூபாய்தான் ஆச்சு.

தண்ணி வடிஞ்ச பிறகும் வேலை இருக்கு. சம்ப்பைக் கழுவாம அந்தத் தண்ணியை எடுக்கக் கூடாது. குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கணும். காலில் புண்ணோட வெள்ளத்துல நடந்தா எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல்னா மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க. டயர், தேங்காய் ஓட்டுல நிக்கிற தண்ணியை வாரம் ஒரு தடவை கொட்டினா டெங்குக் கொசு வராது.

சில அக்காமார் கேப்பீங்க, வாடகைக்கு இருக்கிறவங்களே இதைப் பண்ணிக்கக் கூடாதான்னு. தமிழ்நாட்டுல 2017-ல வந்த வாடகைச் சட்டம் 2019-ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலேன்னா, கட்டடப் பழுது, சுண்ணாம்பு அடிக்கிறது, குழாய் மாத்துறது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரங்க பொறுப்பு. சாக்கடை அடைப்பு எடுக்கிறது, குழாய் வாஷர், ஸ்விட்ச் மாதிரி சின்னச் சின்ன வேலை குடியிருக்கிறவங்களோடது. ஒப்பந்தமும் எழுதிக் கொடுங்க. 2023 வெள்ளத்துக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கார்டை வெச்சுத்தான் வந்தது. கார்டு இல்லாதவங்க தனியா மனு கொடுத்துக்கிட்டு நின்னாங்க. நாம எழுதிக் கொடுக்கிற ஒரு தாள் அப்போ அவங்களுக்கு உதவும்.

பணத்துக்கு எங்க போறதுன்னு நினைப்பீங்க. எனக்குப் போன வருஷம் ரெண்டு ரூமுக்கும் சேர்த்து 6,500 ரூபாய் செலவு. ரூம் காலியாகி ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்தா அதுக்கு மேலேயே வாடகை போயிடும். தவணையும் நின்னுடும்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, புரட்டாசி மாசக் குழுக் கூட்டம் ஒண்ணை மழைத் தயாரிப்புக்குன்னே ஒதுக்கணும். ரெண்டு, ரிப்பேருக்குன்னு உள்கடன்ல ஒரு சின்னத் தொகை, அஞ்சு மாசத்துல கட்டுற மாதிரி கொடுக்கணும். மூணு, ஒவ்வொரு தெருவுலயும் வாடகைக்கு இருக்கிறவங்க பேரு, போன் நம்பர், கர்ப்பிணி யாரு, கைக்குழந்தை எந்த வீட்டுல, படுத்த படுக்கையா இருக்கிறவங்க யாருன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கணும். தண்ணி வந்தா எந்த மாடிக்குப் போறதுன்னும் அதுலயே எழுதிடணும். மாநகராட்சி நம்பர் 1913, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. ரெண்டையும் வாடகை ரூம் கதவுல ஒட்டி வைங்க.

நம்ம கிட்ட வாடகை கொடுத்துட்டு நம்பிப் படுத்திருக்கிறவங்க உயிர் நம்ம பொறுப்புல இருக்கு. இந்த மூணு கோரிக்கையையும் இன்னைக்கே தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கிறேன்.