அறைக் கதவைத் திறந்து படிப்போம்

(எமது சங்கத்தின் பெற்றோர், மாணவர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

புத்தாண்டு என்றதும் மருத்துநீர், புதுச்சட்டை, கைவிசேடம் என்று எங்கள் மனம் ஊருக்குப் போய்விடுகிறது. ஆனால் இங்கிலாந்தில் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் எங்கட பிள்ளையளுக்குச் சித்திரை மாதம் வேறு ஒன்றையும் ஞாபகப்படுத்தும். வைகாசியில் சோதனை தொடங்குகிறது. ஆகவே கல்லூரி மாணவரின் கற்றலுக்கு எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது என்று பேசும்படி சங்கம் என்னைக் கேட்டது காலத்துக்குப் பொருத்தமானதே. நான் லண்டனில் பல வருடங்களாகக் கணிதம் படிப்பிப்பவன். வகுப்பறையில் கண்டதையும், ஆய்வாளர்கள் சோதித்து அறிந்ததையும் சேர்த்து இன்று சொல்ல விரும்புகிறேன்.

படிப்பில் அக்கறை இல்லாத பெற்றோர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது எத்தனை பிள்ளைகளின் கனவு கலைந்தது என்று இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாங்கள் அழுதோம். வீடு, காணி, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்களுக்குப் படிப்பு ஒன்றுதான் ஆராலும் பறிக்க முடியாத சொத்து. எனவே "கவனமாகப் படியுங்கோ" என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. அதை வீட்டில் தினமும் சொல்கிறீர்கள். எப்படிப் படிப்பது என்பதுதான் எனது கேள்வி.

நல்லாய்ப் படிக்கிற பிள்ளை என்றால் எங்கள் மனதில் என்ன படம் வருகிறது? அறைக் கதவு பூட்டியிருக்கும். உள்ளே வெளிச்சம் எரியும். பிள்ளை மேசையில் குனிந்து, மஞ்சள் மையால் கோடு போட்டுப் போட்டு, ஒரே நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அம்மா சத்தமில்லாமல் தேத்தண்ணி வைத்துவிட்டு வருவா. "பிள்ளை படிக்குது, சத்தம் போடாதேங்கோ" என்பார் அப்பா.

இந்தப் படத்தில் இரண்டு பிழை இருக்கிறது. ஒன்று, திரும்பத் திரும்ப வாசிப்பது. மற்றது, பூட்டிய கதவு.

முதலாவதை எடுப்போம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு கட்டுரையை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பகுதியினர் அதே கட்டுரையை ஒரு தடவை படித்துவிட்டு, அதைப் பாராமல், ஞாபகத்தில் உள்ளதை மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது, நாலு தரம் படித்தவர்கள் 83 வீதத்தைச் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதம். வாசித்தவருக்கே வெற்றி! ஆனால் ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகியது. வாசித்தவர்களிடம் 40 வீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 வீதம் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று மாணவரையே முன்கூட்டிக் கேட்டபோது, அதிகம் இருக்கும் என்று நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே. ஏன் இப்படி? நோட்ஸைத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். கண்ணுக்குப் பழகிய முகம் மாதிரி. ஆனால் பேரைக் கேட்டால் வாயில் வராது. புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் எது தெரியும், எது தெரியாது என்று பிடிபடும். எடுக்க எடுக்கத்தான் அது மனதில் உறைக்கும்.

2013இல் டன்லோஸ்கி என்பவரும் வேறு ஆய்வாளர்களும் மாணவர் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து பார்த்தார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்தவை என்றார்கள். தன்னைத் தானே சோதிப்பது, நாட்களை இடைவெளிவிட்டுப் பிரித்துப் படிப்பது ஆகிய இரண்டும்தான் கூடிய பயன் தருபவை என்றார்கள். அதாவது ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஆறு மணித்தியாலம் இருப்பதிலும் பார்க்க, அந்த ஆறையும் ஆறு நாளுக்குப் பிரிப்பது நல்லது.

இது எங்களுக்குப் புதிதா? இல்லை. ஊரில் உயர்தரச் சோதனைக்கு ஆயத்தம் செய்தவர்களைக் கேளுங்கள். பத்து வருடத்துப் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு, மணிக்கூடு பார்த்து, ஒவ்வொன்றாகச் செய்தவர்கள் நாங்கள். 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காத நேரத்தில், ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்து படித்தார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் பதில் சொல்வார், மூன்றாமவர் "பிழையடா" என்பார். வெளிச்சம் ஒன்றுதான் இருந்ததாலே சேர்ந்து படித்தார்கள். வசதி வந்தபிறகு நாங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் அறையைக் கொடுத்தோம், கதவையும் பூட்டினோம்.

இதுதான் இரண்டாவது விஷயம். 1970களில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு பிரச்சினையைக் கண்டார். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர் பலர் தவறினார்கள். சீன மாணவர் பலர் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று மற்ற ஆசிரியர்களைக் கேட்டார். "அவர்களுக்கு ஊக்கம் இல்லை", "அடிப்படை போதாது", "வீட்டில் அக்கறை இல்லை", "வறுமை" என்று சொன்னார்கள். ட்ரைஸ்மன் அதை நம்பிவிட்டு இருக்கவில்லை. இரு பகுதியிலும் இருபது இருபது பேரைத் தெரிந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கிட்ட இருந்து பார்த்தார்.

ஊக்கத்தில் குறைவில்லை. பெற்றோரின் அக்கறையிலும் குறைவில்லை. கறுப்பின மாணவர் ஒழுங்காக வகுப்புக்குப் போனார்கள், வீட்டுவேலைகளைச் செய்தார்கள். ஆனால் அநேகமாக எல்லாரும் தனியே படித்தார்கள். சீன மாணவரோ முதலில் தனியே படித்துவிட்டு, பிறகு மாலையில் கூடி, சிலவேளை சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார். பழைய சோதனைத் தாள்களைச் செய்தார்கள். தனியே படித்தவருக்குத் தன் விடை பிழைத்தால் தான் மட்டுமே மொக்கு என்று தோன்றும். கூடிப் படித்தவருக்கு அந்தக் கணக்கே கடினம், எல்லாருக்கும்தான் பிழைக்கிறது என்று தெரியும். பின்னர் ட்ரைஸ்மன் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து செய்யவைக்கும் பட்டறைகளைத் தொடங்கினார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவரின் பெறுபேறுகள் நன்றாக உயர்ந்தன.

இதைக் கேட்கும்போது எனக்கு எங்கட பிள்ளையள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தகப்பன் பகலில் கடையிலும் இரவில் பெற்றோல் ஸ்ரேசனிலும் வேலை செய்தவர். தம்பி முதலாம் வருடத்தில் இரண்டு பாடம் பெயில். வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கம்பஸ் போவதாக வெளிக்கிட்டு, ஊர் நூலகத்தில் இருந்துவிட்டு வந்தார். மீள்பரீட்சைக்கு இடம் இருந்தது, அந்தத் திகதியும் தவறிப் போனது. எல்லாம் வெளிவந்தபோது ஒரு வருடம் போய்விட்டது. "ஏன் தம்பி ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "அப்பா ராவு முழுக்க நிண்டு வேலை செய்திட்டு வாறார். அவற்ற முகத்தைப் பார்த்து என்னெண்டு சொல்லுறது, சேர்?" என்றார். அந்தத் தம்பி மொக்கு இல்லை, சோம்பேறியும் இல்லை. அவருடைய தடை வெட்கம். பிறகு திரும்பிப் படித்துப் பட்டமும் பெற்றார் என்பது வேறு விஷயம். ஆனால் எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

மாணவர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள்.

ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் தெரிந்ததை எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். அடுத்த நாளும், அடுத்த கிழமையும் அதையே திரும்பச் செய்யுங்கள். கடினமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

இப்போது கேள்வியைப் போட்டால் கணினியே கட்டுரையும் விடையும் எழுதித் தருகிறது. நீங்கள் முயன்று பார்த்தபின் அதனிடம் விளக்கம் கேட்பது ஒன்று. முயலாமலே விடையை வாங்குவது வேறு. இரண்டாவதில் படிப்பது கணினி, நீங்கள் அல்ல.

வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்க்காதீர்கள். 2013இல் கனடாவில் செய்த சோதனை ஒன்றில், பாடம் நடக்கும்போது கணினியில் வேறு வேலை பார்த்தவருக்கும் புள்ளி குறைந்தது, அந்தத் திரை கண்ணில் படும்படி இருந்த மற்ற மாணவருக்கும் குறைந்தது. தானும் கெட்டுப் பக்கத்தவரையும் கெடுப்பது என்பது இதுதான்.

நித்திரை முழிக்காதீர்கள். 2019இல் எம்.ஐ.ரி. கல்வி நிறுவனத்தில் இரசாயனவியல் மாணவரின் நித்திரையைக் கருவி மூலம் அளந்தார்கள். சோதனைக்கு முதல்நாள் இரவு மட்டும் நன்றாகத் தூங்கியதற்கும் புள்ளிக்கும் தொடர்பு காணவில்லை. பாடம் படித்த கிழமைகளில் ஒழுங்காகத் தூங்கியவர்களே நல்ல புள்ளி எடுத்திருந்தார்கள்.

கேளுங்கள். விரிவுரையாளர் மாணவரைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் உங்களுக்கு உரியது. அது தயவு அல்ல. "ஆசிரியரிடம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது" என்பது எங்கள் வளர்ப்பு. இந்த நாட்டில் கேள்வி கேட்காத மாணவரை மரியாதையுள்ளவர் என்று எடுப்பதில்லை, விளங்கிவிட்டது என்றுதான் எடுப்பார்கள். வீட்டில் நோயோ, மரணமோ, விசாப் பிரச்சினையோ வந்தால், நேரத்தோடு பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதற்கென்று நடைமுறை இருக்கிறது. ஆனால் திகதி முடிந்தபின் சொன்னால் பெரும்பாலும் பலனில்லை.

இனிப் பெற்றோருக்கு.

"கிழமையில மூண்டு நாள்தானே கம்பஸ், மற்ற நாள் கடையில நிண்டால் என்ன?" என்று கேட்கிறோம். ஒரு கணக்குப் பாருங்கள். இங்கு முழுநேரப் பட்டப்படிப்பில் ஒரு வருடத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்று கணக்கு. மொத்தம் 1200 மணித்தியாலம். முப்பது கிழமையால் பிரித்தால் கிழமைக்கு நாற்பது. அது ஒரு முழுநேர வேலை. வகுப்பு அதில் ஒரு சிறு பங்குதான். குடும்பக் கஷ்டத்தில் பிள்ளை உழைக்கத்தான் வேண்டுமென்றால், எத்தனை மணித்தியாலம் என்று இருந்து பேசி முடிவெடுங்கள். சோதனைக் காலத்திலாவது குறையுங்கள். உள்துறை அமைச்சுக் கடிதத்தை மொழிபெயர்க்கவும், டொக்டரிடம் கூட்டிப்போகவும் ஒரே பிள்ளையைத்தான் எப்போதும் கூப்பிடுகிறோமா என்றும் யோசியுங்கள். மொழிபெயர்ப்பாளர் தரும்படி வைத்தியசாலையைக் கேட்கலாம்.

"எங்களுக்கு இங்கிலிஷ் தெரியாது, நாங்கள் என்னெண்டு உதவுறது?" என்று தாய்மார் கேட்பீர்கள். உங்களால்தான் பெரிய உதவி செய்ய முடியும். இரவு சாப்பிடும்போது, "இண்டைக்கு என்ன படிச்சனி? எனக்கு விளங்கிற மாதிரித் தமிழில சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். ஒன்றும் தெரியாத அம்மாவுக்கு விளங்கவைக்க வேண்டுமென்றால் பிள்ளை ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டும், ஒழுங்குபடுத்த வேண்டும், உதாரணம் தேட வேண்டும். நீங்கள் "அது ஏன் அப்பிடி?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். காசு கொடுத்து வாங்கும் ரியூசனில் பல இடத்தில் இது கிடைப்பதில்லை. பிள்ளையின் தமிழும் வளரும்.

கடைசியாக ஒன்று. பிள்ளை பெயில் என்று வந்து சொன்னால் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று இன்றைக்கே தீர்மானியுங்கள். "இன்னாற்ற மகன் டொக்டராகிட்டான்" என்பதா? அல்லது "சொன்னது நல்லது, இனி என்ன செய்யலாம்?" என்பதா? முதலாவதைச் சொன்னால் அடுத்தமுறை பிள்ளை சொல்லாது.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த மண்டபம் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி முடிந்ததும் பூட்டப்படுகிறது. சோதனை முடியும் வரை பின்னேரத்தில் மூன்று மணித்தியாலம் திறந்து விடுங்கள். நாலு மேசை, ஒரு வெண்பலகை, ஒரு கேத்தில் தேத்தண்ணி போதும். பல்கலைக்கழகம் முடித்த அண்ணன்மார், அக்காமார் இரண்டு பேர் முறைவைத்து வந்தால் இன்னும் நல்லது. கணிதத்துக்கு நான் வருகிறேன். வருகிற சனிக்கிழமையே தொடங்கலாம்.

 பிறந்திருக்கும் ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆண்டாக அமையட்டும்.