நோவில்லாத நோய்



மார்பகப் புற்றுநோய் பற்றி மொழியியல் படித்தவர் பேசுவதா என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். நமக்கும் இருந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சொற்களைத் தொகுக்கச் சென்ற நாள்களில்தான் அது நீங்கிற்று.

1929இல் போ தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு அம்மலைச் சரிவுகளில் தமிழர் உழைத்து வந்துள்ளனர். இன்று அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதி. எனினும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் உள்ளன. அத்தகைய குடும்பமொன்றில், ஐம்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் கொழுந்து, கவ்வாத்து எனச் சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தவர், இடையில் குரலைத் தாழ்த்தி, "நெஞ்சுல ஒரு கட்டி மாதிரி இருக்கு டீச்சர். நோவு ஒண்ணும் இல்ல" என்றார். மருத்துவ நிலையமொன்றிற்கும் சென்றிருக்கிறார். அங்கே "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் கூறினாராம். இதயத் துடிப்பைப் பதிவு செய்து, குறையேதும் இல்லையென்று அனுப்பிவிட்டனர்.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பதை மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்திருப்பீர்கள். அம்மூன்றும் இந்நோயில் ஒருங்கே நிற்கக் கண்டோம். முலை என்னும் சொல் சங்கப் பாடல்களில் கூச்சமின்றிப் பயின்றது. பின்னர் அதனைக் கூற நாணி மார்பு என்றோம். மார்பையும் கூற நாணி நெஞ்சு என்கிறோம். நெஞ்சு என்பது இதயத்தையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். மருத்துவர் எதனைத் தேடுவார்? வீட்டாரோ நோயின் பெயரை வாயால் சொன்னால் வந்துவிடும் என்றஞ்சி 'அந்த வியாதி' என்பர், அது மங்கலம். பொன்னைப் பறி என்னும் பொற்கொல்லரைப் போல மருத்துவர் 'பயாப்சி', 'ஹெர்-டூ' என்பர். முன்சோதனையைத் 'திரையிடல்' என மொழிபெயர்த்த அறிவிப்பொன்றையும் கண்டோம். படம் காட்டப் போகிறார்கள் என்று பிள்ளைகள் முதலில் வந்து அமர்ந்தனராம்!

இவற்றினும் ஆழமானது 'நோய்' என்னும் சொல்லே. நோ என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை நோவும் நோயும். வலிப்பதே நோய் என்பது நம் மொழியின் பழைய அறிவு. மார்பகக் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புற்று என்னும் பெயரும் மண் புடைத்தெழுந்த பின் கண்ணுக்குப் படும் உருவத்தால் அமைந்தது. கிரேக்கர் நண்டின் பெயரால் இதனைக் 'கார்கினோஸ்' என்றதும் முற்றிய கட்டியின் தோற்றம் கண்டே என்பர். இரு மொழியினரும் காலங்கடந்த நிலையைப் பார்த்தே பெயரிட்டுள்ளனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோய் கண்டோருள் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் நிலைகளில் கண்டறியப்பட்டவர்கள். முதல் நிலையில் கண்டறியப்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். நான்காம் நிலையில் ஏறத்தாழ 23 பேரே.

தோட்டத்தில் நாம் கேட்ட மறுமொழிகள் சில. "பால் குடுத்தவளுக்கு வராது." பாலூட்டல் வாய்ப்பைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. "எங்க பரம்பரையில இல்ல." இந்நோய் கண்டோருள் பெரும்பாலோர்க்குக் குடும்பத்தில் எவர்க்கும் இருந்ததில்லை. "ஊசி குத்துனா பரவிடும்." அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை; ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்த்தாலன்றிக் கட்டி இன்னதென்று உறுதி செய்ய இயலாது. அறுவை என்றாலே மார்பகம் முழுவதும் போய்விடும் என்பதும் சரியன்று. சிறிய கட்டியாயின் அதனை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதுண்டு. கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் மெமோகிராம் காட்டக்கூடும். நாற்பதைக் கடந்த பெண்கள் அதுபற்றி மருத்துவரிடம் கேட்டல் நன்று. தோல் குழிதல், காம்பு உள்வாங்குதல், அதிலிருந்து குருதி கசிதல், அக்குளில் கட்டி ஆகியவற்றையும் வலியில்லையென்று விட்டுவிடலாகாது.

அம்மையாரிடம் மீண்டும் வருவோம். நாம் ஒரு தாளில், "இடப்பக்க மார்பகத்தில், அக்குள் ஓரமாக, வலியில்லாத கட்டி, மூன்று மாதமாக உள்ளது" என எழுதிக் கொடுத்தோம். தாதி மலாய்க்காரராக இருக்கலாம் என்பதால், கீழே 'கெத்துலான் டி பாயுடாரா' என்பதையும் மலாயில் சேர்த்தோம். அத்தாளை நீட்டினாராம், தாதி எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு உடனே தொட்டுப் பார்த்தாராம். இரண்டாம் நிலை. மலையிலிருந்து இறங்கி அறுவையும் பிற சிகிச்சைகளும் முடித்து, நாள்தோறும் மாத்திரை உண்ணத் தொடங்கினார்.

கடந்த ஆண்டு சென்றபோது, மாத்திரைக்கு அது நான்காம் ஆண்டு என்றார். தேநீர் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். "இவளுக்கும் அந்த மாதிரி ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டீச்சர். சொல்ல வெக்கப்படுறா."