வடகோடித் தலைநகரில் கண்டவை



தனியரசு நாடுகளின் தலைநகரங்களுள் வடகோடியில் விளங்குவது ஐசுலாந்தின் ரெய்க்யவிக். சென்ற ஆனித் திங்களில் அந்நகரைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டிற்று. அங்கே அப்பருவத்தில் நள்ளிரவை ஒட்டியே கதிரவன் மறைகிறான். மறைந்த பின்னரும் இருள் சூழ்வதில்லை. 'புகை விரிகுடா' என்பது நகரின் பெயர்ப் பொருள். புகையெனத் தோன்றியது வெந்நீரூற்றுகளின் ஆவியே. முற்காலத்துப் பெண்டிர் துணிமூட்டை சுமந்து சென்று அவ்வூற்றுகளில் துவைத்தனர். இன்றோ நிலத்தடி வெந்நீர் குழாய்வழி வந்து வீடுகளுக்கு வெப்பம் அளிக்கிறது.

ஆயினும் எங்கள் நெஞ்சில் நின்றது அந்நகரின் துறைமுகமே. கன்றின் தோலில் எழுதிய இரு பெருஞ்சுவடிகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கின் அரச நூலகத்தில் இருந்தன. 1971 ஏப்ரல் 21 அன்று அவை கப்பலில் தாயகம் திரும்பியபோது, ஆயிரக்கணக்கான மக்கள் துறைமுகத்தில் திரண்டு வரவேற்றனர்.

அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 இலட்சமே. எனினும் பழங்கதைகளைப் பள்ளிச் சிறுவர் இன்றும் தம் மொழியிலேயே பயில்கின்றனர். தொலைபேசிக்கு, நூலிழையைக் குறித்த பழஞ்சொல் ஒன்றையே பெயராக்கிக் கொண்டனர். கணிப்பொறியின் பெயரோ எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கும் இரு சொற்களின் இணைப்பு.

அன்பர்களே! பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்கள் நாம். நம் சுவடிகள் அச்சேறி, நம் வீட்டு அலமாரிகளிலேயே உள்ளன. அவற்றைப் படிக்கத்தக்க பிள்ளைகளோ இக்காலனியில் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களோடு அமர்ந்து தமிழ் படிப்போமாக.