சீருடையும் சோப்புக் கட்டியும்



நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்கு இராணுவத்தில் சேரவேண்டும் என்ற ஆசை உண்டு. அதற்கு வழிகாட்டும் இடங்களில் ஒன்று அரச இராணுவக் கல்லூரி. 1952-ஆம் ஆண்டில் போர்ட்டிக்சனில் தொடங்கிய இக்கல்லூரி, பிறகு சுங்கை பீசிக்கு மாறியது. மூன்றாம் படிவம் முடித்த மாணவர்கள் அங்கே நான்காம் படிவத்தில் சேருகிறார்கள். பாடமும் உண்டு, அணிவகுப்பும் உண்டு, விடுதி வாசமும் உண்டு.

பையனுக்கு இடம் கிடைத்ததும், மலாய் சரளமாக வருமா, கணக்கில் தேறுவானா என்றெல்லாம் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். தன் சட்டையைத் தானே துவைப்பானா என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இராணுவப் பயிற்சியில் காலையில் உடைச் சோதனை நடக்கும். மடிப்பு, பொத்தான், வார்ப்பூட்டு, காலணி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஒருவனுடைய அழுக்குச் சட்டைக்காக அறையில் உள்ள அத்தனை பேரும் திடலைச் சுற்றி ஓடுவது பழைய வழக்கம். முகாமில் டோபி இருந்தாலும், அவரிடம் போட்ட துணி திரும்பி வரும்வரை அணிவகுப்பு காத்திருக்காது. வீட்டில் தாயார் வெட்டுக்குப் போய் வந்து, சமைத்து, பிறகு குழாயடியில் உட்கார்ந்து மகனின் துணியைக் கசக்குகிறாள். அந்தப் பையன் முதல் வாரமே திண்டாடுவான். மகளுக்கு எட்டு வயதில் கற்றுக்கொடுக்கும் வேலையை மகனுக்கு மட்டும் ஏன் மறைத்து வைக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

முதலில் வியர்வை. வியர்வைத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி எளிதில் போகாது. அரைகுறையாகக் காய்ந்த துணியை உடுத்தினால் படர்தாமரையும் வரும். ஆகவே அன்றன்றைக்கே பச்சைத் தண்ணீரில் அலசிப் போடவேண்டும். பச்சை, நீலம் போன்ற நிறத்துணிகளை உட்புறம் திருப்பி நிழலில் காயவைத்தால் சாயம் வெளுக்காது.

பால்வெட்டுத் துணியோடு சீருடையை ஊறவைக்காதீர்கள். ரப்பர் பால் உறைவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் போய்விடும். உறைந்து காய்ந்துவிட்டால் சோப்புக்கு மசியாது.

அடுத்து கஞ்சி. மரவள்ளி மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிநீரை ஊற்றியபடி கிளறினால் கண்ணாடிபோல் தெளியும். அதைத் துணியில் வடிகட்டி, நீர் கலந்து, அலசிய பருத்திச் சட்டையை முக்கிப் பிழிந்து உலர்த்தவேண்டும். இஸ்திரி போடும் முன் தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரைமணி நேரம் வைக்கவேண்டும். ஈரம் ஒரே சீராகப் பரவினால்தான் மடிப்பு கத்திபோல் நிற்கும். நிறத்துணியை உட்புறமாகவோ, மேலே ஒரு மெல்லிய துணி விரித்தோ தேய்த்தால் பளபளப்பு விழாது. பாலியெஸ்டர் கலந்த துணியென்றால் சூட்டைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகிவிடும். கஞ்சி போட்ட சட்டையை மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தால் கரப்பான் பூச்சிக்குத்தான் விருந்து.

ஆனால் காட்டில் உடுத்தும் புள்ளிச் சீருடைக்கு இந்த உபசாரம் ஆகாது. அமெரிக்க இராணுவம் தன் போர்ச் சீருடைக்குக் கஞ்சியே போடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வெளுப்பு மருந்தும் நிறத்தைக் கெடுக்கும். மறைந்திருப்பதற்காகத் தைத்த உடையைப் பளிச்சென்று ஆக்குவது யாருக்கு இலாபம்? ஆகவே எந்த உடைக்கு என்ன விதி என்று கல்லூரியில் கேட்டுச் செய்யவேண்டும்.

பித்தளை வார்ப்பூட்டைக் கழற்றி எடுத்த பிறகே மெருகு போடவேண்டும். வாரோடு சேர்த்துத் தேய்த்தால் வாரில் கறை ஏறும். காலணிக்கு மெழுகைக் கொஞ்சமாகத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரோடு, சிறு வட்டமாகத் தேய்க்கவேண்டும். அதற்குப் பொறுமைதான் செலவு.

பெட்டியில் ஊசி, நூல், நாலைந்து பொத்தான் வைத்து அனுப்புங்கள். அதற்கு முன், ஒரு பொத்தானைப் பிய்த்துக் கொடுத்து, உங்கள் கண்முன்னாலேயே தைக்கச் சொல்லிப் பாருங்கள்.