பெண்கள் நோயும் ஆண்கள் நியாயமும்



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பொதுமேடையில் பேசுவது ஆபாசம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கோயில் கோபுரத்துப் பொம்மைகளைக் குழந்தை குட்டிகளோடு பார்த்து வருகிறவர்களுக்கு இது மட்டும் ஆபாசமாய்ப் படுவானேன்?

இவ்வியாதி முன்ஜென்ம பாவத்தால் வருவதென்றும், நடத்தை கெட்டவளுக்கு வருவதென்றும் சொல்லி வருகிறார்கள். ஹாரால்டு சூர் ஹாசன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1983-ம் வருஷத்தில் இந்நோய்க் கட்டிக்குள் ஒரு வைரஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்காக 2008-ல் நோபல் பரிசும் பெற்றார். அக்கிருமி கலவியால் பரவுவது. தன் புருஷனையன்றி வேறொருவனை அறியாதவளுக்கும் அந்தப் புருஷன் மூலமாகவே வந்து சேரலாம். அப்படியிருக்க, பழி மட்டும் பெண்சாதி தலையிலா?

2022-ல் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 80,000 பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. வழியில்லாமலா மாண்டார்கள்? திண்டுக்கல் ஜில்லாவில் கர்ப்பப்பை வாயில் காடித் திராவகம் தடவிப் பார்த்து, வெளுத்துக் காட்டிய இடத்துக்குச் சிகிச்சை செய்ததில் சாவு 100-க்கு 35 வீதம் குறைந்ததென 2007-ல் பிரசுரமாயிற்று. ஆனால் 2019-21 சர்க்கார் கணக்குப்படி, 30 முதல் 49 வயதுக்குள் ஒரு தடவையாவது சோதித்துக்கொண்ட பெண்கள் நம் மாகாணத்திலேயே 100-க்கு 10 பேர்கூட இல்லை. ஜாதகம் சோதிக்காத வீடு எத்தனை?

இது நிற்க, நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது வைத்தியம் முடிந்து வீடு திரும்பியவள் படும் பாட்டைத்தான். கதிர் வைத்தியத்துக்குப் பின் யோனி சுருங்கி ஒட்டிக்கொள்வதுண்டு. அதைத் தடுக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. உபயோகிக்கும் முறையைச் சொல்லித்தர வேண்டும். இளவயதுக்காரிக்கும் மாதவிடாய் நின்று, உடம்பு காந்தி, தூக்கம் கெடும். சிலருக்குக் கால் வீங்கும், சிறுநீர் ஒழுகும். இவற்றையெல்லாம் அவள் யாரிடம் சொல்லுவாள்? டாக்டருக்கு நேரமில்லை, இவளுக்கோ வெட்கம். மாமியார் தனித் தட்டு வைக்கிறாள். புருஷனோ கட்டிலுக்கு உதவாதவள் என்று வேறு பெண் தேடுகிறான். அவனுக்கு இந்நோய் கண்டிருந்தால் இவள் வேறு மாப்பிள்ளை தேட ஊரார் சம்மதிப்பார்களா?

ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ புற்று ஒட்டாது. முற்றிய நோயில் துர்நாற்றம் வீசினால் அதைத் தணிக்க மெட்ரோனிடசோல் என்ற மலிவான மருந்து உண்டு. அதைக் கேட்டு வாங்கித் தராமல், தீட்டென்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் பாய் போடுகிறார்கள். வலிக்கு மார்பின் இருக்கிறது. 1985-ம் வருஷத்துச் சட்டத்தின் கெடுபிடியால் அது நோயாளிக்குக் கிட்டாமலிருந்தது; 2014-ல் சட்டத்தைத் தளர்த்தியும் பல ஆஸ்பத்திரிகளில் இன்னும் வைப்பதில்லை. வலியைப் பொறுப்பதுதான் பெண்ணுக்கு லட்சணம் என்று எழுதி வைத்தவனுக்கு ஒரு நாளாவது அவ்வலி வந்திருக்குமா?

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நிற்காமல் கூடவே உள்ளே போங்கள். அவள் கேட்கக் கூசுவதை நீங்கள் கேளுங்கள்: ரத்தம் கண்டால் எப்போது வர வேண்டும், கருவி எங்கே கிடைக்கும், வலிக்கு மார்பின் உண்டா?