செப்புக் காசும் ரோஜாத் தோட்டமும்



பழைய வரலாற்று நாடகம் ஒன்றை மீண்டும் மேடையேற்றும்போது, எது அதற்கு உயிரூட்டுகிறது? கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' நாடகத்தை முன்வைத்து விடை காண முயல்கிறேன்.

துக்ளக் என்னும் பெயர் நம் செவிக்கு வேடிக்கையாகவே ஒலிக்கிறது. முறைகெட்ட ஆட்சியைத் 'துக்ளக் தர்பார்' என்கிறோம். சோ 1968இல் மேடையேற்றிய அங்கத நாடகமும், 1971இல் வந்த அதன் திரைவடிவமும் அவ்வழக்குக்கு வலுவூட்டின. 1964இல் கர்னாட் கன்னடத்தில் படைத்த துக்ளக்கோ வேறொருவன். கற்றவன், சதுரங்கத்தில் வல்லவன், இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நீதி வேண்டுமென விழைபவன். அவ்விழைவு குருதியில் தோய்வதே நாடகம். நேரு மறைந்த ஆண்டில் தோன்றிய இந்நாடகத்தில், விடுதலைக் கனவுகளின் சோர்வைப் பலர் கண்டனர்.

1970களில் இப்ராகிம் அல்காஜி இதனைத் தில்லிப் பழைய கோட்டையின் இடிபாடுகளிடையே நிகழ்த்தினார். மனோகர் சிங் சுல்தானாக நடித்துப் புகழ்பெற்றார். 2012இல் பானு பாரதி பெரோஸ் ஷா கோட்லாவில் இதற்குப் புத்துயிர் அளித்தார். இவ்விரு கோட்டைகளும் முகமது பின் துக்ளக் அறியாதவை. முன்னது 16ஆம் நூற்றாண்டினது. பின்னதோ, அவன் 1351இல் இறந்தபின் அரியணை ஏறிய பெரோஸ் ஷா எழுப்பியது. ஆகவே, கற்கள் பின்னணி தரலாம்; உயிர் தர இயலாது.

உயிர் இருக்குமிடம் நாடகத்துக்குள்ளேயே சுட்டப்பட்டுள்ளது. வெள்ளிக்கு நிகராகச் செப்புக் காசு செல்லும் என்று சுல்தான் ஆணையிடுகிறான். வீடுதோறும் கள்ளக்காசு பிறக்கிறது. பின்னர் அவற்றையெல்லாம் கருவூலம் திரும்ப வாங்க நேர்கிறது. செப்புக் காசுகள் துக்ளகாபாத்தில் மலைபோல் குவிந்ததாக வரலாற்றாசிரியர் பரணி எழுதினார். கர்னாட் அக்குவியலைத் தௌலதாபாத் அரண்மனையின் ரோஜாத் தோட்டத்திற்கு மாற்றினார். கவிதையை நேசித்த மன்னன், கவிதையின் நினைவாகவே வளர்க்க விரும்பிய தோட்டம் அது. அதன்மீதே செல்லாக் காசு கொட்டப்படுகிறது. வரலாறு நாடகமாகும் கணம் இதுவே.

காசும் சொல்லும் ஓரினம், நண்பர்களே! பின்னே ஒரு நம்பிக்கை நின்றால்தான் இரண்டும் செல்லும். மறுமேடையேற்றம் என்பது பழைய சொற்களை மீண்டும் புழக்கத்தில் விடுவது. பார்ப்பவரின் பட்டறிவு பின்னே நின்றால் அவை செல்லுபடியாகும்; இல்லையேல் பட்டாடையும் வாளோசையுமே எஞ்சும். 2016 நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டதைக் கண்டவர், இக்காட்சியை முன்போல் கேட்க இயலுமோ?

எனினும் ஓர் எச்சரிக்கை. சுல்தானுக்கு இன்றைய ஆட்சியாளர் ஒருவரின் முகத்தை ஒட்டுவது எளிது, கைதட்டலும் கிட்டும். ஆனால் 'அவன்தான் குற்றவாளி' என்ற நிம்மதியோடு நாம் வீடு திரும்பிவிடுவோம். கர்னாட் அந்த நிம்மதியைத் தரவில்லை. சலவைத் தொழிலாளி அஜீஸ் ஒவ்வோர் ஆணையிலும் ஓட்டை கண்டு பிழைக்கிறான், கொலையும் புரிகிறான். இறுதியில் அவனைச் சுல்தான் தண்டிக்காமல் பதவி கொடுத்து அனுப்புகிறான். தன் கொள்கைகளை உள்ளபடி புரிந்துகொண்ட மாணவன் அவன் ஒருவனே என்பது போல! கள்ளக்காசு அடித்த வீடுகளில் நம் வீடும் உண்டோ என்ற ஐயம் நெஞ்சில் தைக்க வேண்டும். அதைத் தைக்கவிடாத மேடையேற்றம், எத்துணை அழகாயினும், பொய்யே.

பத்தாண்டுகளாகக் கவிதை வாசித்த இம்மன்றம், பதினோராம் ஆண்டில் ஒரு நாடக வாசிப்பையேனும் நிகழ்த்த வேண்டுகிறேன். கோட்டை வேண்டா, நான்கு நாற்காலிகளும் தெளிந்த குரல்களும் போதும். நாம் வழங்கும் சொற்களுக்குப் பின்னே வெள்ளி இருக்கிறதா என்று உரசிப் பார்க்க அது உதவும்.